லாகின் செய்தவுடன் வெப் ஆப் தானாகத் திறக்க என்ன வழி?

"எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வெப் ஆப் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வந்த புகார்கள் அதில் வரிசையாகத் தெரியும். ஊழியர்கள் காலையில் விண்டோஸில் லாகின் செய்ததுமே அது தானாகத் திறக்க வேண்டும். மேனிஃபெஸ்ட் கோப்பில் ஏதாவது ஒரு வரி சேர்த்தால் போதுமா, இல்லை எலக்ட்ரானுக்கு மாற்றி எழுத வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். எலக்ட்ரான் என்பது வெப் ஆப்பைத் தனி டெஸ்க்டாப் நிரலாகக் கட்டித் தரும் கருவி, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மேனிஃபெஸ்ட்டில், அதாவது ஆப்பின் பெயர், ஐகான், தொடக்க முகவரி போன்றவற்றை பிரவுசருக்குச் சொல்லும் கோப்பில், அப்படி ஒரு வரியே கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அதற்கு ஒரு கட்டளை இல்லை. ஆனால் நிறுவப்பட்ட வெப் ஆப்பை, அதாவது பிரவுசர் வழியாகத் தனி ஆப் போல கம்ப்யூட்டரில் சேர்த்த தளத்தை, லாகினின்போது தொடங்கிவைக்கும் வசதி குரோமிலும் எட்ஜிலும் இருக்கிறது. அந்த வசதியை இயக்கும் உரிமை இரண்டு பேருக்குத்தான்: கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்கு, அல்லது அந்தக் கம்ப்யூட்டரை நிர்வகிக்கிறவருக்கு. ஆப் எழுதியவருக்குக் கிடையாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், முதலில் வழியைப் பார்ப்போம்.

எட்ஜில் மிகவும் எளிது. ஆப்பை நிறுவி முடித்ததும் ஒரு சிறிய பெட்டி வரும். டாஸ்க்பாரில் பொருத்தவா, ஸ்டார்ட் மெனுவில் சேர்க்கவா, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைக்கவா என்று கேட்கும் அதே பெட்டியில், 'ஆட்டோ ஸ்டார்ட் ஆன் டிவைஸ் லாகின்' என்று ஒரு கட்டமும் இருக்கும். அதில் டிக் செய்தால் முடிந்தது. அப்போது விட்டுவிட்டாலும் பரவாயில்லை, எட்ஜின் ஆப்ஸ் பக்கத்துக்குப் போய் அந்த ஆப்பின் விவரங்களைத் திறந்தால் அதே கட்டம் அங்கேயும் கிடைக்கும். குரோமில் ஆப்ஸ் பக்கத்தில் ஐகான் மேல் வலது கிளிக் செய்தால் வரும் மெனுவிலோ, அந்த ஆப்புக்கான செட்டிங்ஸ் பக்கத்திலோ, 'நீங்கள் சைன் இன் செய்யும்போது தொடங்கு' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு அதன் இடமும் சொற்களும் கொஞ்சம் மாறும். அதனால் ஊழியர்களுக்குப் படம் போட்டு வழிமுறை எழுதும்போது, அவர்கள் கம்ப்யூட்டரில் உள்ள பதிப்பைத் திறந்துவைத்துக்கொண்டே எழுதுங்கள்.

உள்ளே நடப்பதில் மர்மம் எதுவும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டால் ஏதாவது கோளாறு வந்தால் நீங்களே சரிசெய்யலாம். விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ரன் பெட்டியில் ஷெல், ஒரு முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் அது திறக்கும். நீங்கள் அந்த டிக்கைப் போடும்போது பிரவுசர் செய்வது, அங்கே ஒரு ஷார்ட்கட்டை வைப்பதுதான். பிரவுசரின் துணை நிரலை அது அழைக்கும். எந்தப் புரொஃபைல், எந்த ஆப் என்ற தகவல் அதிலேயே இருக்கும். லினக்ஸிலும் இதே கதைதான், கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஆட்டோஸ்டார்ட் என்ற இடத்தில் ஒரு டெஸ்க்டாப் கோப்பு உட்காரும். மேக்கில் லாகின் ஐட்டம்ஸ் பட்டியலில் ஆப் சேரும். ஆப்பை நீக்கினால் இந்தப் பதிவும் கூடவே போய்விடும்.

ஷார்ட்கட்டுக்குள் புரொஃபைல் பெயர் இருக்கிறது என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவர் தன் பிரவுசரில் சொந்த உபயோகத்துக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று என்று இரண்டு புரொஃபைல் வைத்திருந்து, தவறிப்போய் சொந்தப் புரொஃபைலில் ஆப்பை நிறுவிவிட்டால், தினமும் காலையில் அந்தப் புரொஃபைலின் குக்கீகளோடுதான், அதாவது அதில் சேமித்த லாகின் தகவல்களோடுதான், அது திறக்கும். லாகின் பக்கம் திரும்பத் திரும்ப வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஸ்டார்ட்அப் ஃபோல்டரும் பயனருக்குப் பயனர் வேறு. ஒரே கம்ப்யூட்டரை ஷிஃப்ட் முறையில் மூன்று பேர் தங்கள் தங்கள் விண்டோஸ் கணக்கில் பயன்படுத்தினால், மூன்று கணக்கிலும் தனித்தனியாக நிறுவி, தனித்தனியாக டிக் போட வேண்டும்.

இப்படி ஒவ்வொரு மேசையாகப் போய் டிக் போட முடியாத அளவுக்குக் கம்ப்யூட்டர்கள் இருந்தால், நிர்வாகக் கொள்கை வழியாக, அதாவது எல்லாக் கம்ப்யூட்டரின் பிரவுசருக்கும் நிர்வாகி ஒரே இடத்திலிருந்து வைக்கும் விதி வழியாக, செய்வதுதான் முறை. இரண்டு கொள்கைகள் தேவை. முதலாவது 'வெப் ஆப் இன்ஸ்டால் ஃபோர்ஸ் லிஸ்ட்'. அதில் ஆப்பின் முகவரியைக் கொடுத்தால் பிரவுசரே அதை நிறுவிவிடும், ஊழியரால் நீக்கவும் முடியாது. இரண்டாவது 'வெப் ஆப் செட்டிங்ஸ்'. அதில் ஆப்பின் மேனிஃபெஸ்ட் அடையாளத்தைக் கொடுத்து, 'ரன் ஆன் ஓஎஸ் லாகின்' என்ற புலத்துக்கு மூன்று மதிப்புகளில் ஒன்றைத் தரலாம். 'அலவ்ட்' என்றால் ஊழியர் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம், விரும்பினால் எடுத்துவிடலாம். எதுவும் சொல்லாவிட்டால் இதுதான் நடக்கும். 'பிளாக்ட்' என்றால் யாராலும் இயக்க முடியாது. 'ரன் விண்டோட்' என்றால் லாகினில் ஆப் கண்டிப்பாகத் திறக்கும், ஊழியரால் பிரவுசரில் அதை நிறுத்த முடியாது. எல்லா ஆப்களுக்கும் பொதுவான விதி வேண்டுமானால் அடையாளத்தின் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போடலாம். நான் ஒரு அலுவலகத்தின் நிர்வாகியாக இருந்தால், நட்சத்திரத்துக்கு 'பிளாக்ட்', நம்முடைய ஒரே ஒரு ஆப்புக்கு 'ரன் விண்டோட்' என்று வைப்பேன்.

இந்தக் கொள்கைகளைப் படித்து நடைமுறைப்படுத்துவது பிரவுசர்தான். ஆகவே புதிதாக அமைத்த கம்ப்யூட்டரில் ஒரு முறையாவது பிரவுசர் திறந்திருக்க வேண்டும். திறந்த பிறகுதான் ஆப் நிறுவப்படும், அதன் பிறகுதான் ஸ்டார்ட்அப்பில் ஷார்ட்கட் உட்காரும். முதல் நாள் காலையில் ஒன்றும் திறக்கவில்லை என்று ஊழியர் சொன்னால் பதற வேண்டாம், பிரவுசரைத் திறந்து சிறிது நேரம் விட்டுவிட்டு, மறுபடி லாகின் செய்து பாருங்கள்.

சரி, ஆப் எழுதியவர் கையில் ஏன் இந்த உரிமையைக் கொடுக்கவில்லை?

வெப் ஆப் தானே பயனரிடம் அனுமதி கேட்டு லாகினில் தொடங்கும்படி ஒரு ஏபிஐ (ஆப்பின் கோட் அழைக்கக்கூடிய பிரவுசர் வசதி) இருக்கலாமே என்ற யோசனை முன்பே வந்ததுதான். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் குழுவினர் இதைப் பற்றி விளக்கக் குறிப்பே எழுதினார்கள். இன்று நம் கைக்கு வந்திருப்பது பயனர் போடும் டிக் மட்டும்தான். அது போதும் என்று நான் நினைப்பதற்குக் காரணம், நோட்டிஃபிகேஷன் அனுமதிக்கு நேர்ந்ததைப் பார்த்திருப்பதுதான். அதுவும் நல்ல நோக்கத்தோடு வந்த ஏபிஐ. தளம் கேட்கும், பயனர் சம்மதிப்பார் அல்லது மறுப்பார், அவ்வளவுதான் என்று இருந்தது. கடைசியில் ஒரு செய்தியைப் படிக்கப் போனால் முதல் நொடியிலேயே அனுமதிப் பெட்டி குறுக்கே நிற்கும் நிலை வந்தது. பொறுக்க முடியாமல் 2020 ஜனவரியில் வந்த பயர்பாக்ஸ் 72, பயனர் பக்கத்தில் எதையாவது தொடும் முன்பு அந்தப் பெட்டி எழுவதையே தடுத்தது. அதற்கடுத்த மாதம் குரோம் 80 அந்தப் பெட்டியை அடக்கிவைக்கும் அமைதியான வடிவத்தைக் கொண்டுவந்தது. கேட்கும் உரிமையைத் தளங்களுக்குக் கொடுத்தால், தகுதியுள்ள பத்துத் தளங்களோடு தகுதியில்லாத ஆயிரமும் கேட்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

லாகினில் தொடங்குவது நோட்டிஃபிகேஷனைவிடக் கனமான உரிமை. தொடக்கத்தில் திறக்கும் ஒவ்வொரு வெப் ஆப்பும் பிரவுசரையே இழுத்துக்கொண்டு வருகிறது. பிரவுசரின் முதன்மைப் புராசஸ், கிராஃபிக்ஸுக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று எல்லாம் எழ வேண்டும். நான்கு ஜிபி மெமரி உள்ள பழைய கம்ப்யூட்டரில், லாகின் ஆனதும் வரும் அந்த நெரிசலான நிமிடத்தில், இது கண்ணுக்குத் தெரியும் சுமை. யாருடைய கம்ப்யூட்டரோ அவர்தான் அந்தச் சுமைக்குச் சம்மதிக்க வேண்டும்.

வெப் உலகம் மட்டும் இப்படி இறுக்கமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் ஸ்டோர் ஆப்களுக்கு ஸ்டார்ட்அப் டாஸ்க் என்ற வசதி உண்டு. அதை ஒரு பயனர் டாஸ்க் மேனேஜரில் நிறுத்திவிட்டால், ஆப் தன் கோட் மூலம் மறுபடி இயக்கவே முடியாது, பயனரே போய் மாற்றினால்தான் உண்டு. 2022-இல் வந்த மேக் ஓஎஸ் வென்ச்சுரா, ஏதாவது ஒரு நிரல் லாகின் பட்டியலில் சேர்ந்தாலே பயனருக்கு அறிவிப்புக் காட்டத் தொடங்கியது. இயங்குதளங்களே கதவை இறுக்கும் நேரத்தில், ஒரு இணைப்பைக் கிளிக் செய்து வரும் தளத்துக்கு அதைத் திறந்துவிடச் சொல்வதில் நியாயம் இல்லை.

எலக்ட்ரான் பற்றிக் கேட்டீர்கள். அதில் லாகின் ஐட்டம் அமைப்பை மாற்ற ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஒரே வரியில் இயக்கிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்காக முழு குரோமியத்தையும் (குரோம், எட்ஜ் இரண்டுக்கும் அடிப்படையான பிரவுசர்) நோடையும் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) உங்கள் ஆப்போடு கட்டி அனுப்ப வேண்டும். 2021-இல் குரோம் நான்கு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு என்ற கணக்குக்கு மாறியது. அதில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை உங்கள் எலக்ட்ரான் ஆப்பில் கொண்டுவந்து, எல்லா மேசைக்கும் சேர்ப்பது இனி உங்கள் பொறுப்பு. வெப் ஆப்பாக இருந்தால் பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். லாகின் தொடக்கம் மட்டும்தான் காரணம் என்றால் எலக்ட்ரான் பக்கம் போகாதீர்கள். உள்ளூர் பிரின்டர், பார்கோடு சாதனம், கோப்பு முறைமை என்று வேறு தேவைகளும் சேர்ந்திருந்தால் அது வேறு விவாதம்.

உங்கள் உழைப்பு போக வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. பயனர் ஐகானைக் கிளிக் செய்து திறக்கும் ஆப்பும், கம்ப்யூட்டர் எழும்போதே எழும் ஆப்பும் ஒரே சூழ்நிலையில் திறப்பதில்லை. பலரும் இதை யோசிப்பதே இல்லை.

முதல் சிக்கல் நெட்வொர்க். டெஸ்க்டாப் தெரிந்ததும் ஸ்டார்ட்அப் நிரல்கள் ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் வைஃபை இணைந்திருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அலுவலக விபிஎன் இருந்தால் இன்னும் தாமதம். சர்வீஸ் வொர்க்கர், அதாவது பிரவுசரின் பின்னணியில் ஓடி நெட்வொர்க் இல்லாதபோதும் பக்கத்தைக் கொடுக்கக்கூடிய ஸ்கிரிப்ட், இல்லாத ஆப் அப்போது பிரவுசரின் 'இணைப்பு இல்லை' பக்கத்தைக் காட்டும், ஊழியர் அந்த விண்டோவை மூடிவிடுவார், அதோடு அன்றைய தானியங்கித் தொடக்கத்தின் பயன் போயிற்று. ஆகவே ஆப்பின் சட்டகத்தை, அதாவது ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும், சர்வீஸ் வொர்க்கர் கேஷிலிருந்தே (கம்ப்யூட்டரில் சேமித்த நகலிலிருந்தே) கொடுக்க வேண்டும். நேற்று கடைசியாகப் பார்த்த பட்டியலை இண்டெக்ஸ்ட் டிபியில் (பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளத்தில்) வைத்திருந்து, 'நேற்று மாலை நிலவரம், புதுப்பித்துக்கொண்டிருக்கிறது' என்று நேரத்தோடு காட்டுங்கள். பின்னணியில் சர்வரைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு நொடி, நான்கு நொடி, எட்டு நொடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி கேளுங்கள், அந்த இடைவெளியில் சிறிது ஏற்ற இறக்கமும் சேருங்கள். இல்லையென்றால் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் முழுவதும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும்போது உங்கள் சர்வர்தான் திணறும். நெட்வொர்க் வந்ததாக பிரவுசர் சொல்லும் ஆன்லைன் நிகழ்வை மட்டும் நம்பாதீர்கள். ஏதோ ஒரு நெட்வொர்க்கில் இணைந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம், உங்கள் சர்வர் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அடுத்தது செஷன். காலாவதி தேதி இல்லாத குக்கீ, பிரவுசர் முழுவதும் மூடப்பட்டால் பொதுவாகப் போய்விடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போடுகிற அலுவலகத்தில் தினமும் காலையில் உங்கள் ஆப் பாஸ்வேர்ட் பக்கத்தில்தான் நிற்கும். தேதியுள்ள குக்கீயைப் பயன்படுத்துங்கள். ஆனால் பலர் ஒரே விண்டோஸ் கணக்கில் உட்காரும் கம்ப்யூட்டர் என்றால் இதையே செய்யக் கூடாது. அங்கே முந்தைய ஆளின் பெயரில் ஆப் திறப்பது ஆபத்து, பாஸ்வேர்ட் கேட்பதே நல்லது.

சத்தம் இன்னொன்று. குரோமில் நிறுவப்பட்ட ஆப்புக்கு, பயனர் எதையும் தொடாமலே ஒலியை இயக்க அனுமதி உண்டு. சாதாரண டேபில் தடுக்கப்படும் ஒலி இங்கே ஒலித்துவிடும். லாகின் ஆனதும் புதுப் புகார்களுக்கு வரிசையாக மணி அடித்தால், இரண்டாம் நாளே ஊழியர் டாஸ்க் மேனேஜருக்குப் போய் உங்கள் ஆப்பை நிறுத்திவிடுவார். தொடக்கத்தில் அமைதியாக இருங்கள், எண்ணிக்கையை ஐகான் மேல் பேட்ஜாகக் காட்டுங்கள், அது போதும்.

ஆப் ஏற்கெனவே திறந்திருப்பதைக் கவனிக்காமல் ஊழியர் டெஸ்க்டாப் ஐகானையும் கிளிக் செய்வார். இரண்டு விண்டோ வரும், இரண்டிலும் வேறு வேறு நிலையில் வேலை நடக்கும். இதற்கு மட்டும் மேனிஃபெஸ்ட்டில் வழி இருக்கிறது. 'லாஞ்ச் ஹேண்ட்லர்' பகுதியில், ஏற்கெனவே உள்ள விண்டோவையே முன்னால் கொண்டுவரும்படி சொல்லலாம். குரோமியம் சார்ந்த பிரவுசர்களில் இது வேலை செய்யும்.

ஆப் லாகினால் திறந்ததா, கிளிக்கால் திறந்ததா என்று உங்கள் கோட் தெரிந்துகொள்ள வழியில்லை. இரண்டிலும் அதே தொடக்க முகவரிதான். டிக் போடப்பட்டிருக்கிறதா என்பதும் தெரியாது. எனவே 'நீங்கள் இன்னும் இதை இயக்கவில்லை' என்று சொல்லும் பட்டையை ஆப்புக்குள் வைக்காதீர்கள், ஏற்கெனவே இயக்கியவர்களையும் அது தொந்தரவு செய்யும். உதவிப் பக்கத்தில் ஒரு பத்தி எழுதிவைத்தால் வேண்டியவர் பார்த்துச் செய்துகொள்வார்.

வேறு பிரவுசர்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்கில் சஃபாரி பயன்படுத்துவோர், 2023-இல் வந்த சொனோமா முதல், ஃபைல் மெனுவில் 'ஆட் டு டாக்' கொடுத்து எந்தத் தளத்தையும் ஆப்பாக்கிக்கொள்ளலாம். அது ஹோம் ஃபோல்டரில் உள்ள அப்ளிகேஷன்ஸில் ஒரு ஆப்பாகவே இருக்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் லாகின் ஐட்டம்ஸ் பக்கத்தில் கூட்டல் குறியை அழுத்தி அதைச் சேர்த்தால் போதும். ஃபோனில், ஆண்ட்ராய்டானாலும் ஐஃபோனானாலும், வெப் ஆப்புக்கு இப்படி ஒரு தேர்வு கிடையாது.

வரவேற்பறையில் ஒரு திரையை மாட்டி அதில் புகார் பட்டியல் மட்டும் ஓட வேண்டும் என்றால் நான் மேலே சொன்னது எதுவும் சரியான வழி இல்லை. அதற்குக் கியாஸ்க் முறைதான், அதாவது கம்ப்யூட்டரை ஒரே ஒரு ஆப்புக்கு மட்டும் பூட்டிவைக்கும் முறை. விண்டோஸ் ப்ரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளில் அசைன்டு ஆக்சஸ் என்ற வசதியோடு எட்ஜைச் சேர்த்து, அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதுவுமே திறக்காதபடி செய்யலாம். எட்ஜின் கியாஸ்க், எதையும் சேமித்துவைக்காத இன்பிரைவேட் முறையில் ஓடுவதால் லாகின் தகவல் நிலைக்காது. எனவே அந்தத் திரைக்கு, பாஸ்வேர்ட் தேவைப்படாத, பார்க்க மட்டும் முடிகிற ஒரு பக்கத்தைத் தனியாகச் செய்து, அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் கிடைக்கும்படி வையுங்கள்.

திறக்கவில்லை என்று புகார் வந்தால் பார்க்க வேண்டியவை சில. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் அது டிசேபிள் ஆகியிருக்கிறதா? ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஷார்ட்கட் இருக்கிறதா? கம்ப்யூட்டரை வேகமாக்குகிறோம் என்று சொல்லும் துப்புரவு நிரல் ஏதாவது அதை நீக்கிவிட்டதா? இதற்கு நேர்மாறாக, டிக் போடாமலே திறக்கிறது என்றால், விண்டோஸின் சைன் இன் தேர்வுகளில், முன்பு திறந்திருந்த ஆப்களை மீண்டும் திறக்கும் வசதி இயக்கத்தில் இருக்கலாம். சோதித்துப் பார்க்கும்போது பலர் இதைப் பார்த்து ஏமாந்து, ஆட்டோ ஸ்டார்ட் வேலை செய்கிறது என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே ஆப்பை மூடிவிட்டுத்தான் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்.

உங்கள் அலுவலகத்துக்கு இதைவிட முக்கியமான கேள்வி, ஊழியர்கள் உண்மையிலேயே தினமும் லாகின் செய்கிறார்களா என்பது. லேப்டாப்பை மூடிவிட்டுப் போய், காலையில் திறந்து பின் (PIN) நம்பர் போடுவது லாகின் இல்லை, அது அன்லாக். செஷன் அதேதான் தொடர்கிறது, ஸ்டார்ட்அப் ஃபோல்டரை விண்டோஸ் தொடுவதே இல்லை. திங்கள்கிழமை லாகின் செய்தவர் செவ்வாயன்று ஆப்பை மூடிவிட்டால், அடுத்த ரீஸ்டார்ட் வரை அது வராது. மூட முடியாதபடி செய்யும் தேர்வு வெப் ஆப் செட்டிங்ஸ் கொள்கையில் உண்டு, ஆனால் அது குரோம் ஓஎஸ்ஸுக்கு மட்டும். விண்டோஸில் இந்த இடைவெளியை அடைக்க நான் பரிந்துரைப்பது புஷ் நோட்டிஃபிகேஷன். பிரவுசர் மூடப்பட்ட பின்னும் பின்னணியில் ஓட அனுமதித்திருந்தால், புதுப் புகார் வந்ததும் சர்வீஸ் வொர்க்கர் எழுந்து நோட்டிஃபிகேஷன் காட்டும், ஊழியர் அதைத் தொட்டால் ஆப் விண்டோ திறக்கும். ஊழியர் தொடாமல் சர்வீஸ் வொர்க்கரால் தானாக விண்டோவைத் திறக்க முடியாது. முதலில் ஒரு வாரம், எத்தனை பேர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலானோர் அணைப்பதே இல்லை என்றால், ஆட்டோ ஸ்டார்ட்டுக்கு முன்னால் இந்த நோட்டிஃபிகேஷன் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.